ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் இல்லை: கதிரியக்கக் கருவிகளும் அவற்றுக்கான பாதுகாப்பு விதிகளும்

வண்டிகளுக்கு எண்ணும் எழுத்தும் ஒட்டித் தரும் கடைகளின் பெயர்ப்பலகையில் ‘ரேடியம்’ என்ற சொல் பெரும்பாலும் இருக்கும். இரவில் மின்னும் எதற்கும் நம் ஊரில் அதுதான் பெயர். ஆனால் அந்த ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. எதிரே வரும் வண்டியின் விளக்கொளியை, அது வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதித்த தாள் அது. விளக்கை அணைத்தால் தாளும் இருண்டுவிடும். உண்மையான ரேடியம் கலந்த வண்ணம் ஒரு காலத்தில் கைக்கடிகார முட்களிலும் எண்களிலும் பூசப்பட்டது. வெளிச்சமே இல்லாத அறையிலும் அது ஒளிர்ந்தது. அந்த வண்ணத்தைப் பூசும் தூரிகையின் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் பலர் 1920களில் தாடை எலும்பு சிதைந்து இறந்தார்கள். அந்த வண்ணம் வழக்கொழிந்துவிட்டது. பெயர் மட்டும் ஸ்டிக்கருக்கு வந்து சேர்ந்தது.

பெயரில் உள்ள இந்தக் குழப்பம் நம் அச்சத்திலும் இருக்கிறது. செல்போன் கோபுரத்தைக் கண்டு அஞ்சுகிறோம். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் அடையாளம் தெரியாத ஈய உருளையைக் கண்டு அஞ்சுவதில்லை. அச்சம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்று பிரித்து அறிவதற்காகத்தான் பாதுகாப்பு விதிகள் எழுதப்பட்டுள்ளன. அந்த விதிகளின் பின்னால் உள்ள காரணங்களை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கதிர்வீச்சு வேறு, கதிரியக்கப் பொருள் வேறு

ஒரு மூலத்திலிருந்து வெளிப்பட்டுப் பரவும் ஆற்றலுக்குக் கதிர்வீச்சு என்று பெயர். வெயிலும் அதுதான், வானொலி அலையும் அதுதான், எக்ஸ்ரேயும் அதுதான். இவற்றுள் எக்ஸ்ரே போன்ற சில மட்டுமே, தாம் படும் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் அளவுக்கு ஆற்றல் கொண்டவை. அவற்றை அயனியாக்கும் கதிர்வீச்சு என்பார்கள். உடலின் செல்களுக்குள் மரபணுவைச் சிதைக்கக்கூடியது இந்த வகை. செல்போன் அலைக்கும் மைக்ரோவேவ் அடுப்பின் அலைக்கும் அந்த ஆற்றல் இல்லை. எனவே கதிரியக்க விதிகள் அவற்றுக்குப் பொருந்துவதில்லை.

கதிரியக்கப் பொருள் என்பது, அணுக்கரு நிலையாக இல்லாததால் தானாகவே சிதைந்து, சிதையும்போது அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடும் பொருள். மருத்துவமனையின் எக்ஸ்ரே எந்திரத்திற்குள் அப்படி எந்தப் பொருளும் இல்லை. அது மின்சாரத்தால் கதிரை உண்டாக்குகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் மின்விளக்கைப் போலவே அணைந்துவிடுகிறது. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த எந்திரம் அப்படியன்று. அதன் மின்கம்பியை அறுத்துவிடலாம், அறையைப் பூட்டிவிடலாம், நிறுவனத்தையே மூடிவிடலாம். உள்ளே இருக்கும் கோபால்ட் சிதைந்துகொண்டேதான் இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதற்கு மிகப் பொருந்தும்.

சுருக்கமாக: எந்திரம் உண்டாக்கும் கதிரை நிறுத்த முடியும், கதிரியக்கப் பொருளின் கதிரை நிறுத்த முடியாது, தடுத்து வைக்க மட்டுமே முடியும்.

அடுப்பும் மிளகாய்த்தூளும்

எரியும் அடுப்பின் அருகே நின்றால் அனல் அடிக்கிறது. விலகி வந்தால் அனல் நின்றுவிடுகிறது. நம்மோடு கூடவே வருவதில்லை. மிளகாய் அரைத்த கையின் நிலை வேறு. அந்தக் கை கண்ணைத் தொட்டால் கண் எரியும், குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்கு எரியும், துடைத்த துண்டிலும் காரம் ஏறும்.

கதிரியக்கப் பொருளின் தீங்கும் இந்த இரண்டு வழிகளில்தான் வருகிறது. தொலைவிலிருந்து கதிர் நம் மேல் படுவது கதிர்வீச்சுக்கு உள்ளாதல். பொருளே தூளாகவோ நீர்மமாகவோ நம் மேல் ஒட்டுவதும் மூச்சு வழியாகவும் உணவு வழியாகவும் உள்ளே போவதும் கதிரியக்க மாசு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. மாசுபட்டவரின் உடையை அகற்றிக் கழுவாவிட்டால் அது பிறருக்குப் பரவும்.

ஆகவே, கருவிகளுக்குள் இருக்கும் கதிரியக்கப் பொருளைத் துருப்பிடிக்காத எஃகுக் குப்பிக்குள் வைத்துப் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். இதற்கு மூடிய கதிர்மூலம் என்று பெயர்; தொழிலில் இருப்பவர்கள் ‘சோர்ஸ்’ என்றே சொல்வார்கள். குப்பி உடையாதவரை அடுப்பின் அனல் மட்டும்தான். உடைந்தால் மிளகாய்த்தூளும் சேர்ந்துவிடும்.

உடைந்தால் என்ன ஆகும் என்பதை பிரேசிலின் கொய்யானியா நகரம் 1987இல் கண்டது. கைவிடப்பட்ட ஒரு மருத்துவ மையத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை எந்திரம் ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. பழைய இரும்புக்கு ஆகும் என்று அதன் தலைப்பகுதியை இருவர் கழற்றிச் சென்றார்கள். குப்பி துளைக்கப்பட்டு, உள்ளே இருந்த சீசியம்-137 தூள் வெளியே வந்தது. அது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அழகாக இருக்கிறதே என்று உறவினர்களும் அண்டை வீட்டாரும் துளித்துளியாக எடுத்துப் போனார்கள். சிலர் தோலில் பூசிக்கொண்டார்கள். தூள் பட்ட கையோடு சாப்பிட்ட ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள். 249 பேரிடம் மாசு கண்டறியப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை விளையாட்டு அரங்கத்துக்கு வரவழைத்துப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. அந்தத் தூளின் எடை நூறு கிராமுக்கும் குறைவு.

எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி

“இதில் கதிரியக்கம் இருக்கிறதா?” என்று கேட்பதால் பயன் இல்லை. நம் உடலிலேயே இருக்கிறது. உணவு வழியாக வரும் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு இயல்பாகவே கதிரியக்கம் கொண்டது; வளர்ந்த ஒருவரின் உடலில் நொடிக்கு ஏறக்குறைய 4,000 பொட்டாசியம் அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. நொடிக்கு ஓர் அணு சிதைவதை ஒரு பெக்கரெல் என்று கணக்கிடுகிறார்கள்.

கூரையில் பொருத்தும் புகை உணர்கருவிகளில் ஒரு வகையில் அமெரிசியம்-241 என்ற தனிமம் இருக்கிறது. அளவு ஏறக்குறைய 37,000 பெக்கரெல். அது ஆல்ஃபா துகள்கள் என்ற ஒரு வகைக் கதிர்வீச்சை வெளியிடுகிறது. இரண்டு சிறு உலோகத் தகடுகளுக்கு இடையே உள்ள காற்றை அத்துகள்கள் அயனியாக்குவதால் அந்தக் காற்றின் வழியே மிக மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் அயனிகள் புகைத்துகளில் ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் குறையும், மணி ஒலிக்கும். ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடும், காற்றிலேயே சில சென்டிமீட்டருக்கு மேல் அது போவதில்லை. ஆனால் அதே பொருள் நுரையீரலுக்குள் போனால், தடுக்கத் தாள் இல்லாத இடத்தில் செல்களை நேரடியாகத் தாக்கும். கருவியைப் பிரிக்காதீர்கள், எரிக்காதீர்கள் என்று அதன் மேல் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான். கூரையில் இருக்கும்வரை அது உயிர் காக்கும் கருவி.

இன்னொன்று நமக்கு மிகவும் பழக்கமானது. மின்சாரம் இல்லாத காலத்துத் திருமண வீட்டிலும் தெருக்கூத்திலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில். பட்டுநூல் பைபோல மெத்தென்று இருக்கும் அதை விளக்கில் கட்டி முதல் முறை பற்றவைத்ததும் நூல் முழுவதும் கருகிப் போய், வலைப் பின்னல் மட்டும் வெண்சாம்பலாக நிற்கும். விரல் பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்தச் சாம்பல் வலை தோரியம் ஆக்சைடு. அதனுடன் ஒரு விழுக்காடு அளவுக்குச் சீரியம். சூட்டில் உருகாமல் வெண்மையாகச் சுடர்வதால் தோரியத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் தாதுவில் இருப்பதும் இதே தோரியம்தான். ஒரு மேண்டிலில் இருப்பது ஆயிரம் பெக்கரெலை ஒட்டிய அளவு; விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதனால் தீங்கு இல்லை. உடைந்த மேண்டிலின் தூளை வாயால் ஊதாமல், மூச்சில் இழுக்காமல் அகற்றிவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான் விதி. பிற்காலத்தில் பல தயாரிப்பாளர்கள் தோரியத்தை விட்டு, கதிரியக்கம் இல்லாத இட்ரியத்துக்கு மாறிவிட்டார்கள்.

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். சுரங்கத்தில் தாதுவின் அடர்த்தியை அளக்கும் கருவி ஒன்றில் இருந்த சீசியம்-137இன் அளவு 1,900 கோடி பெக்கரெல். புகை உணர்கருவியைப் போல ஐந்து லட்சம் மடங்கு. கொய்யானியாவின் எந்திரத்தில் இருந்தது ஏறக்குறைய 51 லட்சம் கோடி பெக்கரெல். இவற்றையெல்லாம் ‘கதிரியக்கம் உள்ளவை’ என்று ஒரே சொல்லால் குறிப்பது, ஊதுவத்தியையும் உலைக்களத்தையும் ‘நெருப்பு’ என்று ஒன்றாக்குவதைப் போன்றது. சர்வதேச அணுசக்தி முகமை கதிர்மூலங்களை ஐந்து வகைகளாகப் பிரித்து, முதல் வகைக்கு மிகக் கடுமையான காவலும் ஐந்தாம் வகைக்கு மிகத் தளர்ந்த விதியும் வைத்திருப்பது இந்த வேறுபாட்டைக் கருதித்தான்.

பெக்கரெல் பொருளை அளக்கிறது. அந்தக் கதிர் மனித உடலுக்கு எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதை அளப்பது சீவர்ட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே உலக மனிதர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறுவது 2.4 மில்லிசீவர்ட். இயற்கையும் மருத்துவமும் நீங்கலாக, பொதுமக்கள் ஒருவருக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் சேரக் கூடாது என்பது இந்தியாவிலும் பிற நாடுகளிலும் உள்ள வரம்பு. கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு இந்திய வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது.

தொழிற்சாலைக்கு இது எதற்கு?

எரிவாயு உருளையில் எவ்வளவு மீதம் என்று அறிய ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்போம். எரிவாயு இருக்கும் உயரம் வரை ஈரம் மெல்லக் காயும். உருளையைத் திறக்காமலே மட்டம் தெரிந்துவிடும். சிமென்ட் ஆலையின் கொதிக்கும் கலத்திலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் அழுத்தக் கலத்திலும் ஈரத்துணி செல்லாது. எனவே கலத்தின் ஒரு பக்கம் கதிர்மூலத்தையும் மறுபக்கம் கதிரை எண்ணும் கருவியையும் வைக்கிறார்கள். இடையில் பொருள் நிறைந்தால் கதிர் குறையும். இதை ஆலைகளில் நியூக்ளியானிக் கேஜ் என்பார்கள். குழாய்களின் பற்றவைப்பில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று இரிடியம்-192 கொண்டு படம் எடுப்பது தொழிலக ரேடியோகிராஃபி. இந்த வேலைகளைக் கதிரியக்கம் இல்லாமல் செய்வது பல இடங்களில் கடினம். இக்கருவிகளை ஒழித்துவிட வேண்டும் என்று நான் கருதவில்லை. கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

காலம், தொலைவு, தடுப்பு

விதிப்புத்தகங்கள் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கதிர்வீச்சிலிருந்து காக்கும் வழிகள் மூன்றுதான்: அருகில் இருக்கும் நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையே தடுப்பு வைத்தல். இவற்றுள் தொலைவின் வலிமையைப் பலர் உணர்வதில்லை. தொலைவு இரண்டு மடங்கானால் கதிர் நான்கில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும்.

மேலே சொன்ன 1,900 கோடி பெக்கரெல் குப்பியையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் நியூமன் வட்டாரச் சுரங்கத்திலிருந்து பெர்த் நகருக்கு 1,400 கிலோமீட்டர் சாலையில் கொண்டுபோகப்பட்டபோது, குலுக்கலில் கருவியின் திருகாணி ஒன்று கழன்று, அந்த ஓட்டை வழியே குப்பி கீழே விழுந்துவிட்டது. அதன் விட்டம் 6 மில்லிமீட்டர், உயரம் 8 மில்லிமீட்டர். துவரம் பருப்பை விடச் சற்றுப் பெரிது. அதிலிருந்து ஒரு மீட்டர் தொலைவில் ஒரு மணி நேரம் நின்றால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிசீவர்ட் சேரும்; அதாவது ஓராண்டு வரம்பு முடிந்துவிடும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் அதில் நூறில் ஒரு பங்குதான். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், சென்டிமீட்டர் கணக்கில், பல ஆயிரம் மடங்கு. பிப்ரவரி 1ஆம் தேதி, கதிரைக் கண்டறியும் கருவி பொருத்திய வாகனம் ஒன்று மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே சாலையோரம் இரண்டு மீட்டர் தள்ளிக் கிடந்த அதைக் கண்டுபிடித்தது. அப்போதைய அந்த மாநிலச் சட்டப்படி இதற்கு அதிகபட்ச அபராதம் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலரும், குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் ஐம்பது டாலரும் மட்டுமே என்பதை அறிந்தபோது எனக்கு வேதனையாக இருந்தது.

பை என்பது வெறும் கற்பனை அன்று. 1999 பிப்ரவரியில் பெரு நாட்டின் யானாங்கோ நீர்மின் நிலையப் பணியிடத்தில், ரேடியோகிராஃபிக் கருவியிலிருந்து பிரிந்து கிடந்த இரிடியம் மூலத்தை ஒரு வெல்டர் என்னவென்று அறியாமல் கால்சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டார். சில மணி நேரம்தான். பின்னர் அவருடைய காலை அகற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு படம் எடுத்த பிறகும், மூலம் உள்ளே திரும்பிவிட்டதா என்பதை அளவுக்கருவியால் பார்த்த பின்னரே அருகில் போக வேண்டும் என்ற விதி, காகிதச் சடங்குபோலத் தோன்றலாம். அந்த அரை நிமிடச் சரிபார்ப்பு நடந்திருந்தால் அந்த மூலம் தரையில் கிடந்திருக்காது. நியூக்ளியானிக் கேஜ் பொருத்திய கலத்துக்குள் ஆள் இறங்குவதற்கு முன் கருவியின் அடைப்பை மூடிப் பூட்ட வேண்டும் என்பதும் இதே போன்றதுதான். பணியாளர்கள் மார்பில் அணியும் அளவைப் பட்டை கதிரைத் தடுப்பதில்லை; எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கு மட்டும் சொல்லும். பட்டை அணிந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது தவறு.

சுருக்கமாக: குறைந்த நேரம், அதிகத் தொலைவு, தகுந்த தடுப்பு, இவை மூன்றும் இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் அறிய முடியாது, கருவியால்தான் அறிய முடியும்.

மாயாபுரியில் நடந்தது

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வகத்தில் 1960களின் இறுதியில் வாங்கிய, கோபால்ட்-60 வைத்த காமாக் கதிர் எந்திரம் ஒன்று இருந்தது. 1985க்குப் பிறகு அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் மற்ற பழைய பொருள்களோடு சேர்த்து அது ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குப் போனது. அங்கே தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள். ஒருவர் உள்ளே இருந்த பளபளப்பான துண்டு ஒன்றைத் தம் பணப்பையிலும் வைத்திருந்தார். ஏப்ரலில் ஒவ்வொருவராக மருத்துவமனைக்கு வந்தார்கள். ஒருவர் இறந்தார்.

இங்கே அரை ஆயுட்காலம் என்ற சொல்லை அறிய வேண்டும். ஒரு கதிரியக்கப் பொருளின் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம் அது. இரிடியம்-192க்கு 74 நாள், கோபால்ட்-60க்கு 5.27 ஆண்டு, சீசியம்-137க்கு 30 ஆண்டு, அமெரிசியம்-241க்கு 432 ஆண்டு. மாயாபுரி எந்திரத்தின் கோபால்ட் நாற்பது ஆண்டுகளில் ஏழு முறைக்கு மேல் பாதியாகி, தொடக்க அளவில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்காகியிருந்தது. ஆய்வுக்கு அது போதாமல் போயிருக்கலாம். உயிரைப் பறிக்க அது போதுமானதாக இருந்தது. ‘பயனற்றது’ என்ற சொல்லும் ‘தீங்கற்றது’ என்ற சொல்லும் இந்தத் துறையில் ஒன்றல்ல.

இன்னொரு கொடுமையும் உண்டு. கோபால்ட்-60இன் கதிரைப் பாதியாகக் குறைக்க ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். அப்படிப் பத்து அடுக்கு வைத்தால்தான் ஆயிரத்தில் ஒரு பங்காகும். எனவே இந்த எந்திரங்கள் ஈயத்தால் கனத்துக் கிடக்கும். ஈயத்துக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை. காக்க வைத்த கவசமே ஏழைத் தொழிலாளியின் சுத்தியலை அழைத்துவிடுகிறது. உருக்காலை வரை போய்விட்டால் நிலைமை இன்னும் மோசம்: மெக்சிகோவின் ஹுவாரெஸில் பழைய இரும்போடு கலந்த கோபால்ட்-60 கட்டுமானக் கம்பியாகவே வார்க்கப்பட்டு, 1984 ஜனவரியில் அக்கம்பியை ஏற்றிய லாரி ஒன்று அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் கதிர் உணர்கருவியைத் தற்செயலாகக் கடந்தபோதுதான் வெளியே தெரிந்தது.

ஆகவே விதிகளின் உயிர்நாடி ஈயச்சுவர் அன்று. பொறுப்பாளர் யார் என்ற கேள்வி. இந்தியாவில் 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தின் கீழ் 1983இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இதைக் கண்காணிக்கிறது. கதிர்மூலம் வைத்த தொழிற்கருவியை அதன் அனுமதி இன்றி வாங்கவோ விற்கவோ இடம் மாற்றவோ முடியாது. வைத்திருக்கும் நிறுவனத்தில் தகுதி பெற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். பயன்பாடு முடிந்ததும் வழங்கியவரிடமோ அங்கீகரிக்கப்பட்ட கழிவு நிலையத்திடமோ ஒப்படைக்க வேண்டும். நிறுவனம் நொடித்தாலும், ஆலை கைமாறினாலும், பொறுப்பாளர் ஓய்வு பெற்றாலும் இந்தக் கடமை நீங்குவதில்லை. மாயாபுரி எந்திரத்தின் ஈயம் நாற்பது ஆண்டும் சரியாகவே வேலை செய்தது. அறுந்துபோனது பதிவேடு.

அடையாளத்தை அறிதல்

மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட கதிரியக்கச் சின்னத்தைப் பலர் காற்றாடி என்றே நினைக்கிறார்கள். அதைப் பார்த்து எல்லோருக்கும் அச்சம் வருவதில்லை என்பதால் சர்வதேச அணுசக்தி முகமை 11 நாடுகளில் 1,650 பேரிடம் சோதித்து, 2007இல் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டது. சிவப்பு முக்கோணத்துக்குள் மேலே கதிர் வீசும் மூவிதழ், கீழே மண்டையோடு, பக்கத்தில் ஓடும் மனிதன். எழுத்தறியாதவருக்கும் புரிய வேண்டும் என்பதே நோக்கம்.

பழைய பொருள்களுக்கிடையே இந்த இரண்டில் எந்தச் சின்னத்தைக் கண்டாலும், அளவுக்கு மீறிக் கனக்கும் மூடிய உலோகப் பெட்டியைக் கண்டாலும், தொடாமல், தட்டிப் பார்க்காமல் விலகிச் சென்று, மற்றவர்களையும் விலக்கி, காவல்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ 112 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். தொட்டுவிட்டிருந்தால் கையைக் கழுவி உடையை மாற்றி, மருத்துவரிடம் அந்தப் பொருளைப் பற்றி மறக்காமல் சொல்ல வேண்டும். வாந்தியும் தோல் புண்ணும் வேறு நோய்போலவே தோன்றும்.

புதிய சிவப்புச் சின்னத்தை அறைக் கதவிலோ, கொண்டுசெல்லும் பெட்டியின் வெளிப்புறத்திலோ ஒட்டுவதில்லை. எந்திரத்தின் மூடிக்கு உள்ளே, கதிர்மூலத்தை ஒட்டி வைக்கிறார்கள். அன்றாடம் அதை இயக்குபவரின் கண்ணில் அது படாது. திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்குகிறவர் மட்டும் அதைப் பார்ப்பார்.